அடையாற்று முகத்துவாரத்துக்கு ஒரு மனு

பொதுமக்களிடமிருந்து மனு வந்தால் மூன்று நாட்களுக்குள் ஒப்புகை அனுப்ப வேண்டும். முப்பது நாட்களுக்குள் முடிவெடுத்து மனுதாரருக்குத் தெரிவிக்க வேண்டும். அது முடியாதென்றால், ஏன் முடியவில்லை என்று இடைக்காலப் பதிலாவது போக வேண்டும். இந்த விதியை நினைவூட்டும் சுற்றறிக்கையை என் பணிக்காலத்தில் நானே பலமுறை தயாரித்துக் கையெழுத்துக்கு வைத்திருக்கிறேன். ஒரு சுற்றறிக்கை ஆண்டுதோறும் போகிறது என்றாலே அந்த விதியின் உடல்நிலை எப்படி என்பது விளங்கும்.

நான் கொடுத்த மனு சிறியது. அடையாறு பாலத்தின் கீழ்ப்புறத்திலிருந்து முகத்துவாரம் வரை, நானும் என் மனைவியும், துடுப்பால் செலுத்தும் இருவர் கயாக் ஒன்றில், ஒரே ஒரு முறை, காலை வேளையில் சென்றுவர அனுமதி வேண்டும். காரணம் என்ற இடத்தில் 'மனைவியின் கண் நோய்' என்று எழுதி மருத்துவச் சான்றை இணைத்தேன். அதற்கு மேல் எழுதவில்லை. அதிகம் எழுதினால் அதிகம் கேட்பார்கள்.

இங்கே சற்று அதிகமாகவே எழுதலாம்.

என் மனைவி பள்ளி ஆசிரியை. எங்கள் வீடு ராஜா அண்ணாமலைபுரத்தில். அவள் பள்ளி அடையாறு பாலத்தைத் தாண்டி. பணி ஓய்வு பெறும்வரை அவள் தினமும் பேருந்தில் அந்தப் பாலத்தைக் கடந்தாள், பெரும்பாலும் நின்றுகொண்டு. காலையில் இடப்பக்க ஜன்னலில், மாலையில் வலப்பக்க ஜன்னலில், முன்னால் நிற்கிறவர்களின் கக்கத்துக்கு இடையே, ஆறு விரிந்துகொண்டே போய்க் கடைசியில் ஒரு வெள்ளைக் கோடாக முடிவது சில நொடி அவள் கண்ணில் படும். அந்தக் கோடு அலையா மணலா என்று அவளுக்குத் தெரியவில்லை. ஒரு நாள் போய்ப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். இந்த ஊரில் 'ஒரு நாள்' என்பதற்கு என்ன பொருள் என்று எல்லோருக்கும் தெரியும்.

கடற்கரை வழியாக நடந்தே போகலாமே என்று நான் ஒருமுறை சொன்னேன்.

"அது கடல் பக்கத்துலேர்ந்து பாக்கறது. நான் ஆறு போற மாதிரி போய்ப் பாக்கணும்" என்றாள்.

ஓய்வு பெற்ற பிறகு கண் அழுத்த நோய் என்றார்கள். ஓரப் பார்வை முதலில் போகும். நடுப் பார்வை கொஞ்சம் நாள் தாக்குப்பிடிக்கும். போனது திரும்பாது, இருப்பதைக் காக்கச் சொட்டு மருந்து உண்டு. மருத்துவர் நல்ல மனிதர். எவ்வளவு காலம் என்று கேட்டதற்கு ஓர் இடைக்காலப் பதில் கொடுத்தார்.

ஆட்டோவில் திரும்பும்போது அவள் அழவில்லை. சாலையைப் பார்த்துக்கொண்டு, "இனிமே தண்ணி இருக்கற எடமாப் பாத்து வெக்கப்போறேன்" என்றாள்.

படகுத்துறைகளுக்குக் கூட்டிப்போகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள். சவாரிப் படகில் போனால் முன்னால் உட்கார்ந்திருப்பவர்களின் தலை தெரியும். பேருந்தில் பார்த்த தலைகளே போதும். ஏற்கெனவே அவள் பார்வை குழாய்க்குள் பார்ப்பது போல ஆகியிருந்தது. அந்தக் குழாயின் முன்னால் யாரும் உட்காரக் கூடாது. இருவர் கயாக்கில் முன்னால் இருப்பவருக்கு எதிரே தண்ணீரைத் தவிர வேறெதுவும் கிடையாது. இப்படித்தான், கோயில் குளத்தைத் தவிர எதிலும் கால் நனைத்திராத நானும் அவளும் கொட்டிவாக்கம் கடற்கரையில் துடுப்புப் பிடிக்கக் கற்றுக்கொள்ளப் போனோம்.

சொல்லிக்கொடுத்தவர் ஒரு காலத்தில் நீச்சல் போட்டிகளில் கலந்துகொண்ட பெண்மணி. எங்களை இடுப்பளவு தண்ணீரில் வைத்துக் கவிழ்த்துவிட்டு, எழுந்து வரச் சொன்னார். என் மனைவி எழுந்துவிட்டாள். என்னைக் காலைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது.

"அங்கிள், ஆன்ட்டி ஸ்ட்ராங்கா இருக்காங்க. நீங்கதான் பேப்பர் மாதிரி இருக்கீங்க" என்றார்.

என் உத்தியோகத்தைப் பற்றி அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

முன்னால் இருப்பவர் தாளத்தைக் கொடுப்பார், பின்னால் இருப்பவர் திசையைத் திருப்புவார் என்பதுதான் இருவர் கயாக்கின் சட்டம். எங்கள் இல்லறத்துக்கு அது புதிதல்ல. சில வாரங்களில் உப்பங்கழிகளுக்குப் போகிற அளவு தேறிவிட்டோம்.

முட்டுக்காட்டுக்கு முதலில் போனோம். விடிந்து வெயில் ஏறுவதற்குள் அங்கே தண்ணீர் எண்ணெய் தடவிய மாதிரி இருக்கும். மடவை மீன் எகிறி எகிறி விழும். விழுந்த சத்தம் கேட்டு அவள் தலையைத் திருப்புவதற்குள் வளையம் மட்டும் மிச்சமிருக்கும். அவளுக்கு அதில் குறையில்லை. வளையம் பெரிதாகித் தன் குழாய்க்கு வெளியே போகும்வரை பார்த்துக்கொண்டிருப்பாள். பிறகு, தை மாதத்தில் பழவேற்காடு. ஏரி அவ்வளவு பரந்தது, ஆனால் துடுப்பை ஊன்றினால் சேறு தட்டும். தூரத்தில் பூநாரைகள் நின்றன. சிவப்பு என்று நான் சொன்னேன். அவள் வெகுநேரம் பார்த்துவிட்டு, "சிவப்பு இல்ல. துவைச்சுத் துவைச்சு வெளுத்த ரோஸ்" என்றாள். அவள் சொன்னதுதான் சரி.

பிச்சாவரத்துக்கு ரயிலேறிப் போய் இரண்டு நாள் தங்கினோம். சுரபுன்னை மரங்கள் இருபுறமும் வேரை இறக்கி, மேலே கிளை கோத்து, கால்வாயைக் குகையாக்கி வைத்திருக்கும். உள்ளே நுழைந்தால் முன்னால் ஒரு வட்ட வெளிச்சம் மட்டுமே தெரியும். மற்றதெல்லாம் கருப்பு. அவள் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டாள்.

"இங்க எல்லாருக்கும் என் கண்ணுதான்" என்றாள்.

பின்னால் உட்கார்ந்திருப்பதில் ஒரு வசதி உண்டு. முகத்தை யாரும் பார்க்க முடியாது.

இந்த இடங்களிலெல்லாம் சீட்டு வாங்கினால் போதும். முன்னால் ஒரு வழிகாட்டிப் படகு போகும், பின்னால் நாம் போகலாம். வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கும் அடையாற்றில் மட்டும் அப்படி எதுவும் இல்லை. வேலியும் அறிவிப்புப் பலகையும் இருந்தன. ஆகவே மனு.

முப்பது நாள் கழிந்து, மேலும் ஒரு முப்பது நாளும் கழிந்ததும் நேரில் போனேன். பிரிவுக் கண்காணிப்பாளர் மரியாதையாக நாற்காலி போட்டார். நானும் அரசாங்கத்தில் இருந்தவன் என்று தெரிந்ததும் தேநீர் சொன்னார். தேநீர் சொன்னால் வேலை நடக்காது என்பது எனக்குத் தெரியும்.

"கயாக்னா என்ன சார், படகா?"

"படகுதான்."

"படகுன்னா எங்களுக்கு வராது. மிதவைன்னு எழுதியிருந்தா வரும்."

"மிதவைன்னு மாத்தி எழுதித் தரட்டுமா?"

"தரலாம். ஆனா மிதவைல ஆள் ஏறக்கூடாது."

ஆறு உங்களுடையதுதானே என்று கேட்டேன்.

"ஆறு எங்களது சார். தண்ணி எங்களது இல்ல" என்றார். "பறவை வேற ஆபீஸ். முகத்துவாரம் வேற. எல்லாருக்கும் கருத்துக் கேட்டு எழுதியிருக்கோம். வந்ததும் வெச்சுடறேன்."

அவர் சொன்னதில் தவறு ஒன்றுமில்லை. அந்த நாற்காலியில் நான் இருந்திருந்தாலும் கருத்துக் கேட்டுத்தான் எழுதியிருப்பேன். தேநீர் நன்றாக இருந்தது.

அதற்குள் அவள் படிக்கும் எழுத்து பெரிதாகிக்கொண்டே வந்தது. தட்டில் ஓரமாக வைத்த ஊறுகாயை அவள் தேடத் தொடங்கினாள். நான் நடுவில் வைக்கத் தொடங்கினேன்.

எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அம்மாள் முகத்துவாரத்தை ஒட்டிய குப்பத்துக்காரர். புரட்டாசி மாதத்தில் தெருவில் பாதி வீடு மீன் வாங்காது. அந்த மாதத்தில் அவர் கூடையை இறக்கி வைத்துவிட்டு எங்கள் வாசலில் உட்கார்ந்து பேசிவிட்டுப் போவது வழக்கம்.

"பெருமாள் வருசா வருசம் எங்க வயித்துல அடிக்கறாரு" என்றவர், என் மனைவி முகத்தைப் பார்த்து, "இன்னா டீச்சர், எதுனா கடுதாசி வந்துச்சா?" என்றார்.

"வரல."

"எதுக்கு வரணும்? எங்க ஆளுங்க தெனம் போய்க்கினு வந்துகினுதான் கீறாங்க. அவுங்க இன்னா மனு குட்த்தாங்களா? உன் கண்ணு கவர்மெண்டுக்காகக் காத்துக்கினு இருக்குமா?" பிறகு என் பக்கம் திரும்பினார். "நைனா, நீ ஒரு ஆபீசரு. ஆத்துல போறதுக்கு ஒரு ஆபீசரு இன்னொரு ஆபீசரக் கேக்கணுமா?"

"ஆபீசர்னாதான் கேக்கணும்" என்றேன்.

"அப்ப நீ வூட்ல இரு. டீச்சர நா இட்டுக்கினு போறேன்."

அன்று மாலை என் மனைவி, "மௌனம் சம்மதம்னு சொல்வாங்க இல்ல?" என்றாள்.

"அது கல்யாணத்துக்கு. அரசாங்கத்துக்கு அப்படி ஒரு விதி கிடையாது."

"கிடையாதுன்னும் ஒரு விதி இல்லியே."

அது உண்மை. தேடிப் பார்த்தேன், இல்லை.

காற்றடித்து ஊதிக்கொள்ளும் இருவர் கயாக் ஒன்றை ஏற்கெனவே வரவழைத்து வைத்திருந்தோம். கூடத்தில் ஊதிப் பார்த்தபோது சோபாவை வாசலுக்குத் தள்ள வேண்டியிருந்தது. அதைச் சுருட்டி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பாலத்தடிக்குப் போனோம். அத்துமீறி நுழைவோர் மீது நடவடிக்கை எடுக்கப்படும் என்ற பலகை இருந்தது. அந்தப் பலகைக்குப் பக்கத்திலேயே ஒற்றையடிப் பாதை ஒன்று தண்ணீர் வரை தேய்ந்து கிடந்தது.

அடையாற்றைப் பற்றி நல்லதாகச் சொல்லச் சிரமப்பட வேண்டும். தண்ணீர் கருப்பு. வாடை உண்டு. ஆனால் பாலத்தின் நிழலை விட்டு வெளியே வந்ததும் ஆறு அகன்றுவிட்டது. ஊர்ச் சத்தம் கரையிலேயே நின்றுவிட்டது. நெடுங்கால் உள்ளான்கள் சிவப்புக் கால்களை ஒவ்வொன்றாகத் தூக்கி வைத்து நடந்தன. கூழைக்கடா ஒன்று எங்களைப் பார்த்துவிட்டு, பொருட்படுத்தத் தேவையில்லை என்று முடிவு செய்தது. அவள் தலையை மெதுவாக இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குத் திருப்பினாள், இருட்டில் டார்ச் அடித்துப் பார்ப்பது போல.

பிறகு ஆறு ஒரு சேற்றுத் திட்டில் பிரிந்தது. வழிகாட்டிப் படகு இல்லாமல் நாங்கள் வந்தது அதுதான் முதல் முறை. முன்னால் இருப்பவள் சொல்ல, பின்னால் இருப்பவன் திருப்ப வேண்டும்.

"ரைட்" என்றாள்.

நான் வலப்பக்கம் திருப்பினேன்.

"ரைட், ரைட்" என்றாள், கொஞ்சம் அழுத்தமாக.

இன்னும் வலப்பக்கம் திருப்பினேன். கயாக் ஒரு பெருமூச்சு விட்டுச் சேற்றில் ஏறி நின்றது.

"எதுக்குத் திருப்பினீங்க?"

"நீதான ரைட்னு சொன்னே."

"ரைட்னா போங்கன்னு அர்த்தம்."

"ரைட்னா வலது."

"எந்த ஊர்ல?"

நான் அலுவலகத்துக்கு ரயிலில் போனவன். ரயிலில் யாரும் ரைட் சொல்வதில்லை. அவள் வாழ்நாளில் பாதியை நடத்துநரின் குரல் கேட்டு நகர்ந்தவள். ஆள் ஏறியாகிவிட்டது, தடையில்லை, நேராகப் போ என்பதுதான் அவளுக்கு ரைட். திரும்புவதற்கும் அந்தச் சொல்லுக்கும் தொடர்பே இல்லை. இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தும் இந்த ஒரு சொல் எங்களுக்குள் வேறு வேறு பொருளில் இருந்தது தெரியாமல் போயிருக்கிறது. அவள் சிரிக்க ஆரம்பித்தாள். நான் துடுப்பை ஊன்றித் தள்ளினேன். துடுப்பு பாதி உள்ளே போயிற்று. காலை இறக்கினேன். முழங்கால் வரை போயிற்று. மரியாதையாகத் திரும்ப எடுத்துக்கொண்டேன்.

மீன்கார அம்மாளுக்குத் தொலைபேசியில் சொன்னோம். தம்பியை அனுப்புவதாகச் சொன்னார்.

காத்திருந்தபோது அவள் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாலத்தை ஒட்டி அங்கே முன்பு வரிசையாக வீடுகள் இருந்தன. அவள் வகுப்பில் படித்த பல பிள்ளைகள் அங்கிருந்து வந்தவர்கள். ஒரு கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபோது அவர்கள் பெயரைக் கூப்பிட்டால் பதில் வரவில்லை. ஊருக்கு வெளியே அடுக்குமாடி கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இப்போது அங்கே கம்பி வேலியும், தண்ணீருக்குள் இறங்கும் நாலைந்து சிமெண்டுப் படிகளும் இருந்தன.

"அந்தப் படில உக்காந்து வீட்டுப்பாடம் எழுதினேன்னு ஒருத்தி சொல்வா" என்றாள். "நோட்டு எப்பவும் ஈரமா இருக்கும். நான் திட்டுவேன்."



தம்பி என்றால் ஐம்பது வயதுக்காரர். ஃபைபர் படகின் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கழியை ஊன்றிக்கொண்டு வந்தார். வரும்போதே கைப்பேசியை எடுத்து எங்களைப் படம் பிடித்தார்.

"இன்னா சார், பார்க்கிங் இங்கதானா?"

"கொஞ்சம் தவறுதலா..."

"எக்கா சொல்ச்சு. ரைட்டுன்னா இன்னான்னு தெரியாத ஆபீசரு கீறாரு, போய் இட்டுக்கினு வாடான்னுச்சு."

கயாக்கின் மூக்கு சேற்றில் இருந்ததால் கயிற்றை வால் பக்கத்தில்தான் கட்ட முடிந்தது. இழுத்ததும் வழுக்கிக்கொண்டு பின்னோக்கி வந்தோம். எங்களைப் பாலத்தடிக்கே கொண்டு விடுவார் என்று நினைத்தேன். அவர் வீடு முகத்துவாரத்தில். டீசலும் அவருடையது. ஆகவே முகத்துவாரத்துக்கே இழுத்துப் போனார்.

அப்படி, கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஆறு போகிற திசையில் நாங்கள் பின்னோக்கிப் போனோம். அவள் பார்க்க விரும்பியது எங்களுக்குப் பின்னால் இருந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. எதிரே பாலம் முழுசாக, ஒரு முனையிலிருந்து மறு முனை வரை, விலகிக்கொண்டே போயிற்று. அது சிறிதாகச் சிறிதாக அவள் பார்வைக்குள் அடங்கிவிட்டது. அதன் மேல் ஒரு பேருந்து போயிற்று.

"எவ்ளோ சின்னதா இருக்கு" என்றாள். "ஜன்னல்கூடத் தெரியல."

மணலில் இறங்கினோம். அந்த வெள்ளைக் கோடு மணல்தான். ஆறு கடலுக்கு ஒரு பேருந்து நீளத் தூரத்தில் வந்து, மணல் மேட்டில் முட்டி, அப்படியே நின்றிருந்தது. மேட்டின் இந்தப் பக்கம் அசையாத கருப்புத் தண்ணீர். அந்தப் பக்கம் அலை வந்து வந்து தட்டிவிட்டுப் போயிற்று.

"மொகம் மூடிக்கீது டீச்சர்" என்றார் தம்பி. "மய பெஞ்சு தண்ணி வந்தாத்தான் ஒடையும். இல்லாங்காட்டி ஜேசிபி வரணும். ஜேசிபி வரணும்னா ஆர்டர் வரணும்."

அவள் மேட்டின் மேல் ஏறி, இரண்டு பக்கமும் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இத்தனை வருஷமா சேந்துடுச்சுன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்" என்றாள். பிறகு அவரிடம், "ஒடைஞ்சா சொல்றீங்களா? சேர்றதப் பாக்கணும்."

"கரெக்ட்டா சொல்றேன் டீச்சர்."

ஐப்பசி பிறந்ததும் மழை பிடித்துக்கொண்டது. அதற்கு முன்பே அவள் கண்ணில் அழுத்தம் திடீரென ஏறியது. அறுவை சிகிச்சை செய்தார்கள். வலி போயிற்று. வலது கண்ணில் ஒன்றுமில்லை. இடது கண்ணில் வெளிச்சம் எந்தப் பக்கம் என்று மட்டும் தெரியும் என்றார்கள். இந்த முறை மருத்துவர் இடைக்காலப் பதில் எதுவும் தரவில்லை.

கட்டுப் பிரித்த சில நாளில், விடாது மழை பெய்த ஓர் இரவுக்குப் பின் காலையில் தம்பியிடமிருந்து தொலைபேசி வந்தது. "ஒடஞ்சிட்ச்சு சார். டீச்சர இட்டுக்கினு வா." அவரிடம் யாரும் எதையும் சொல்லியிருக்கவில்லை. நான் விஷயத்தைச் சொன்னேன். "சரி, இட்டுக்கினு வா" என்றார் மறுபடியும்.

குப்பத்துப் பக்கமாக மணலில் நடந்து போனோம். அவள் என் முழங்கைக்கு மேல் பிடித்துக்கொண்டாள். மேடு இருந்த இடத்தில் ஆறு பழுப்பாகப் பாய்ந்து கடலைக் கொஞ்ச தூரம் தள்ளிக்கொண்டு போயிற்று.

"சொல்லுங்க" என்றாள்.

வாழ்நாளெல்லாம் வரைவு எழுதியவன் நான். வந்தது ஒரே ஒரு சொல்.

"சேருது" என்றேன்.

"எவ்ளோ அகலம்?"

"ரெண்டு லாரி போகலாம்."

"போதும்" என்றாள். கரை சரிந்து தண்ணீரில் விழும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நீர் எங்கள் காலடி மணலை அரித்தது. அவள் நகரவில்லை. கடைசியில், "சரி, பாத்தாச்சு" என்றாள். மீன்கார அம்மாளின் தம்பி படகின் மேல் உட்கார்ந்து வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மனுவுக்குப் பதில் அதற்கும் பிறகுதான் வந்தது. பழுப்பு உறை. யார் அனுப்பியது என்று கேட்டாள். சொன்னேன். சத்தமாகப் படிக்கச் சொன்னாள்.

"பொருள்: அடையாற்றில் கயாக் செலுத்த அனுமதி கோருதல், தொடர்பாக. பார்வை..."

இங்கே நின்றுவிட்டேன். எந்த மனுவுக்குப் பதில் என்று குறிக்கும் அந்தச் சொல்லை என் கையால் ஆயிரக்கணக்கான கடிதங்களில் எழுதியிருக்கிறேன்.

"ஏன் நிறுத்திட்டீங்க? என் பார்வையா அவங்க பார்வையா?"

"அவங்களது."

"படிங்க."

"பார்வையில் காணும் தங்கள் மனு பரிசீலிக்கப்பட்டது. முகத்துவாரம் தற்போது மணல் மேட்டினால் மூடப்பட்டுள்ளது. எனவே அனுமதி வழங்க இயலாத நிலை உள்ளது. ஆறு கடலுடன் இணைந்த பின்னர் மனுதாரர் மீண்டும் விண்ணப்பிக்கலாம் எனத் தெரிவிக்கப்படுகிறது."

கடிதத்தில் இட்டிருந்த நாள், நாங்கள் சேற்றில் நின்ற அதே வாரம். எழுதப்பட்ட அன்று அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. யாரோ போய்ப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறார்கள். பிறகு அது கையெழுத்துக்கும், கையெழுத்திலிருந்து அனுப்புகைக்கும், அனுப்புகையிலிருந்து எங்கள் தெருவுக்கும் நடந்து வந்திருக்கிறது.

அவள் கையை நீட்டிக் காகிதத்தை வாங்கி, விரலால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"கோப்புல வைங்க. வந்த தேதியப் போட்டுடுங்க" என்றாள்.

மேல் மூலையில் பென்சிலால் குறித்தேன்: கார்த்திகை மாதம், முதல் திங்கட்கிழமை.